பட்டையோடு நிற்கும் கத்தி

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக்கிய முன்னோடி முயற்சிகளில் அதுவும் ஒன்று. அதே மத்திய மலாக்கா மாவட்டத்தைச் சேர்ந்த புக்கிட் காத்திலில் இன்று தாமான்களும் கடைவீடுகளும் நிற்கின்றன. ஆனாலும் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பால் மரம் சீவிய கை ஒன்று இன்னும் நினைவில் இருக்கும். அந்தக் கை முதலில் பழகியது, கத்தி எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதைத்தான். பால் இருப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. கத்தி அதைக் கீறிவிட்டால் அன்றைய பால் வாளியில் குறை எதுவும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து, மறுபடி வளர்ந்த பட்டையைச் சீவ வரும்போதுதான் அந்த இடம் முடிச்சு முடிச்சாக நிற்கும். கத்தி ஓடாது. கீறியவர் அதற்குள் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார்.

இணையத்தளத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் காயம் புதிதல்ல.

கோயில், தமிழ்ப்பள்ளி, கேட்டரிங், புடவைக் கடை, டியூஷன் நிலையம் என்று பத்துப் பதினைந்து தளங்களைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை மாலை புலனத்தில் ஒரு குரல் பதிவு வருகிறது. "தம்பி, மேல இருக்கிற அந்தப் போன் நம்பர மட்டும் மாத்திடு, ரெண்டு நிமிச வேலதானே." உண்மையிலேயே இரண்டு நிமிட வேலைதான். வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, தீம் கோப்புத் திருத்தியில் ஹெடர் கோப்பைத் தேடி, எண்ணை மாற்றிச் சேமித்தால் முடிந்தது. தளம் ஓடுகிறது, வாடிக்கையாளர் கைகூப்புப் படம் ஒன்றை அனுப்புகிறார். எட்டு மாதம் கழித்து அந்தத் தீமுக்குப் புதிய பதிப்பு வருகிறது. அப்டேட் பொத்தானைத் தட்டியதும் தீமின் பழைய கோப்புறை நீங்கிப் புதியது வந்து உட்காருகிறது. போன் நம்பரோடு, இடையில் செய்த இன்னும் ஏழெட்டுத் திருத்தங்களும் போய்விடுகின்றன.

அடுத்த முறை அவர் அந்தப் பொத்தானைத் தொடமாட்டார். "அப்டேட் பண்ணினா டிசைன் போயிடும், விட்ருங்க" என்று வாடிக்கையாளரிடமும் சொல்லிவைப்பார். ஓடும் தளத்தின் தீம் கோப்பில் நேரடியாகக் கைவைப்பதன் பெரிய கேடு, அரைப்புள்ளி ஒன்று விடுபட்டுத் தளம் வெள்ளைத் திரையாவது அல்ல. அது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், சரிசெய்தும் விடலாம். நேரடித் திருத்தம் தளத்தின் பொறுப்பாளரை அப்டேட்டுக்கு அஞ்ச வைக்கிறது. அந்த அச்சம்தான் ஓட்டைகளை ஆண்டுக்கணக்கில் திறந்து வைத்திருக்கிறது.

2011 ஆகஸ்ட்டில் இது உலகம் முழுக்க அம்பலமானது. படங்களைச் சிறிதாக்கித் தரும் டிம்தம்ப் என்ற சிறு நிரலை அன்று எண்ணற்ற வேர்ட்பிரஸ் தீம்கள் தமக்குள் வைத்திருந்தன. வெளித்தளங்களிலிருந்து படம் எடுக்க அது சில நம்பகமான பெயர்களை மட்டுமே அனுமதித்தது. ஆனால் அந்தப் பெயர் முகவரியில் எங்கேயாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. முகவரி அந்தப் பெயரோடு முடிகிறதா என்று பார்க்கவில்லை. பிளாகர் என்ற சொல்லை முன்னே ஒட்டிக்கொண்ட போலி முகவரி எளிதாக உள்ளே நுழைந்தது. அங்கிருந்து இறக்கிய கோப்பு, யாரும் உலாவியில் திறக்கக்கூடிய தற்காலிகக் கோப்புறையில் போய் விழுந்தது. படம் என்ற பெயரில் வந்த பிஎச்பி நிரல் அங்கேயே இயங்கியது. தம் சொந்தத் தளம் ஊடுருவப்பட்ட பிறகு மார்க் மாண்டர் என்பவர் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். தீம் தயாரிப்பாளர்கள் திருத்திய பதிப்புகளை வெளியிட்டார்கள். அப்டேட் செய்யக்கூடிய நிலையில் இருந்தவர்களுக்கு அது ஒரு பொத்தான் வேலை. தீமின் மூலக்கோப்புகளைக் கையால் மாற்றி வைத்திருந்தவர்களுக்கோ இரண்டே வழி: டிசைனை இழப்பது, அல்லது ஓட்டையோடு இருப்பது.

பிஎச்பி 8 வந்தபோதும் இதே கதை நடந்தது. 2020 நவம்பரில் வெளியான அந்தப் பதிப்பு, பழைய தீம்கள் பயன்படுத்திய சில செயற்கூறுகளை அடியோடு நீக்கியது. 2022 நவம்பரோடு 7.4 பதிப்புக்கான ஆதரவும் முடிந்தது. ஹோஸ்டிங் நிறுவனம் புதிய பிஎச்பிக்கு மாறினால், அப்டேட் காணாத பழைய தீம் அன்றே விழும். தளத்தில் யாரும் எதையும் தொடவில்லை என்று வாடிக்கையாளர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாததுதான் விழுந்ததற்குக் காரணம்.

தமிழ் இணையத்துக்கு இது பழைய அனுபவம். 2004இல் தமிழ்மணம் திரட்டி தொடங்கிய பின், அதன் கருவிப்பட்டைக்கான நிரல்துண்டைத் தமிழ் வலைப்பதிவர்கள் தங்கள் பிளாகர் வார்ப்புருவில் கையாலேயே ஒட்டினார்கள். எச்டிஎம்எல் என்றால் என்னவென்று அதுவரை அறியாதவர்கள்கூட அந்தப் பெட்டியைத் திறந்து, சொன்ன இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, துணிந்து சேமித்தார்கள். ஒரு தலைமுறை வலைநுட்பம் பழகியதில் அந்தத் துணிச்சலுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் புதிய வார்ப்புரு ஒன்றைத் தேர்ந்தால் ஒட்டியது அத்தனையும் போய்விடும். அதற்கு முன் பழைய வார்ப்புருவைத் தரவிறக்கிக் கணினியில் வைத்துக்கொள் என்ற அறிவுரையைத் தாங்களே பட்டுத் தெரிந்துகொண்டு பிறருக்குச் சொன்னார்கள். இன்று சம்பளத்துக்குத் தளம் பார்ப்பவர்கள் அன்றைய பொழுதுபோக்குப் பதிவர்களைவிடக் கூடுதலாகக் கவனமாக இருக்கிறார்களா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

வேர்ட்பிரஸ் சில தடுப்புகளைப் போட்டிருக்கிறது. 2017 நவம்பரில் வந்த 4.9 பதிப்பிலிருந்து, தீம் திருத்தியை முதன்முறை திறப்பவருக்கு எச்சரிக்கை வருகிறது. பிஎச்பி கோப்பைச் சேமிக்கும்போது அமைப்பு தன்னைத் தானே ஒருமுறை அழைத்துப் பார்க்கிறது. தளம் விழும் அளவுக்குப் பிழை இருந்தால் பழைய கோப்பையே திரும்ப வைக்கிறது. 2019 மே மாதம் வந்த 5.2 பதிப்பு மீட்பு முறையைச் சேர்த்தது. தளம் விழுந்தால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு வரும். அதன் வழியே நுழைந்து, பழுதான தீமையோ பிளகினையோ நிறுத்தலாம்.

இவற்றை நம்பிக் கத்தி வைப்பவர்கள் இவற்றின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 4.9 செய்யும் சோதனை நிர்வாகப் பக்கத்தையும் முகப்பையும்தான் அழைத்துப் பார்க்கிறது. கட்டணப் பக்கத்தில் மட்டும், தனிப்பதிவுப் பக்கத்தில் மட்டும் வெடிக்கும் பிழை அதன் கண்ணில் படாது. எஃப்டிபி வழியாகவோ சிபேனல் வழியாகவோ கோப்பை மாற்றினால் இந்தச் சோதனை நடப்பதே இல்லை. மீட்பு முறை நிர்வாகியைத்தான் உள்ளே விடுகிறது. அவர் சரிசெய்து முடிக்கும்வரை பக்தரும் பெற்றோரும் வாடிக்கையாளரும் பார்ப்பது 'தொழில்நுட்பச் சிக்கல்' என்ற ஒற்றை வரியைத்தான். அந்த மின்னஞ்சல் எங்கே போகிறது என்பது இன்னொரு சோகம். பல தளங்களில் நிர்வாகி முகவரியாக இருப்பது, தளத்தைக் கட்டிவிட்டு எப்போதோ விலகிப்போன முன்னாள் பொறுப்பாளரின் முகவரி.

சரியான வழி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதன் பெயர் சைல்டு தீம். ஒரு புதிய கோப்புறை, அதில் ஒரு ஸ்டைல் கோப்பு, அதன் தலைக்குறிப்பில் மூலத் தீமின் கோப்புறைப் பெயரைச் சொல்லும் ஒரு வரி, அடிப்படை அவ்வளவுதான். மூலத் தீமின் ஹெடர் கோப்பை இங்கே படியெடுத்து மாற்றினால் வேர்ட்பிரஸ் இங்கிருப்பதை எடுத்துக்கொள்ளும். மூலத் தீமுக்கு எத்தனை அப்டேட் வந்தாலும் இந்தக் கோப்புறையைத் தொடாது. ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் விதிவிலக்கு. சைல்டு தீமில் இருப்பது மூலத்தில் இருப்பதற்கு மாற்றாக வருவதில்லை. அதற்குச் சற்று முன்னதாக ஏறுகிறது, இரண்டுமே ஓடுகின்றன. மூலத்தின் ஃபங்ஷன்ஸ் கோப்பை அப்படியே இங்கே படியெடுத்து வைத்தால், ஒரே செயற்கூற்றை இரண்டு முறை அறிவித்ததாகித் தளம் விழும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

சைல்டு தீமுக்கும் ஒரு கணக்கு உண்டு. படியெடுத்த கோப்பு, படியெடுத்த நாளிலேயே உறைந்துவிடுகிறது. மூலத் தீம் அந்தக் கோப்பில் பாதுகாப்புத் திருத்தம் செய்தால் சைல்டு தீமில் இருக்கும் பழைய படி அதை மறைத்துக்கொண்டு நிற்கும். வூகாமர்ஸ் தன் நிலைப் பக்கத்தில், தீமுக்குள் இருக்கும் எந்தெந்த வார்ப்புருக்கள் பழசாகிவிட்டன என்று பட்டியல் போட்டே காட்டுகிறது. அந்தப் பட்டியலை எட்டிப் பார்க்காதவர்கள்தான் அதிகம். ஆகவே முழுக் கோப்பைப் படியெடுப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். ஹுக் வழியாக முடிவதை ஹுக் வழியாகவே செய்ய வேண்டும். நிறம், அளவு, இடைவெளி போன்றவற்றுக்குக் கோப்பே வேண்டாம். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து கூடுதல் சிஎஸ்எஸ் எழுதத் தனி இடம் இருக்கிறது. அது தரவுத்தளத்தில் தங்குகிறது, தீம் அப்டேட்டில் அழிவதில்லை. அந்தப் போன் நம்பருக்கும் தீம் கோப்பு உரிய இடமல்ல. விட்ஜெட்டிலோ அமைப்புப் பக்கத்திலோ ஒரு கட்டம் வைத்துக் கொடுத்திருந்தால் கோயில் செயலாளரே மாற்றியிருப்பார்.

2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்த பிளாக் தீம்கள் இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கின்றன. தளத் திருத்தியில் ஒரு வார்ப்புருவை மாற்றிச் சேமித்தால், அந்த மாற்றம் கோப்பில் விழுவதில்லை, தரவுத்தளத்தில் விழுகிறது. அதன் பின் தீம் கோப்பை எவ்வளவு கவனமாகத் திருத்தி ஏற்றினாலும் தளத்தில் எதுவும் மாறாது. கிட் களஞ்சியத்தில் ஒன்று, தளத்தில் வேறொன்று. திருத்தம் எங்கே தங்குகிறது என்பதை முதலில் கேட்காதவர் அரைநாள் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

ஸ்டேஜிங் என்ற சோதனைப் படி இன்று பல ஹோஸ்டிங் திட்டங்களில் பொத்தானாகவே கிடைக்கிறது. இல்லாவிட்டால் சொந்தக் கணினியில் ஒரு படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் சோதனைப் படியை நேரலைக்குத் தள்ளும்போது கோப்புகளை மட்டும் தள்ள வேண்டும். தரவுத்தளத்தையும் சேர்த்துத் தள்ளினால், இடைப்பட்ட மூன்று நாளில் வந்த ஆர்டர்களும் அர்ச்சனைப் பதிவுகளும் மாணவர் விண்ணப்பங்களும் பழைய படியால் அழிந்துவிடும். தளம் அழகாகத் திறக்கும். திங்கட்கிழமை ஒருவர் பணம் கட்டிய ரசீதோடு வந்து நிற்பார்.

பேக்கப் இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு கிட்லேப் நிறுவனத்தின் அனுபவம் நல்ல பாடம். 2017 ஜனவரி 31 இரவு, அங்கிருந்த பொறியாளர் ஒருவர் துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பியபடி வேலை செய்யவில்லை. தரவுத்தளப் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் நிரல் நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு படிதான் காப்பாற்றியது. ஒருமுறையாவது மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இவ்விதழ் கருதுவது இதனால்தான். தீம் திருத்தத்துக்கு முன் எடுக்கும் பேக்கப்பில் கோப்புகளும் தரவுத்தளமும் இரண்டுமே இருக்க வேண்டும். தளம் இருக்கும் அதே சர்வரில் மட்டும் அது இருந்தால் போதாது.

தமிழ்த் தளம் பார்ப்பவர்களுக்கென்றே சில தனிக் குழிகள் உண்டு. பழைய விண்டோஸ் நோட்பேடில் தீம் கோப்பைத் திறந்து 'யுடிஎஃப்-8' என்று சேமித்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் ஒட்டிக்கொள்ளும். பிஎச்பி அதையும் வெளியீடாக எடுத்துக்கொண்டு, எச்டிடிபி தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்று புலம்பும்; உள்நுழைவுகூடத் தடைபடும். வெறும் 'ஆன்சி' என்று சேமித்தாலோ தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பில்தான் நோட்பேடு இயல்பாகவே அந்த மூன்று பைட்டுகள் இல்லாமல் சேமிக்கத் தொடங்கியது. வேர்டு கோப்பிலோ ஐபோனிலோ எழுதி ஒட்டிய நிரலில் நேர் மேற்கோள்கள் வளைந்த மேற்கோள்களாகி வந்து நிற்பதும் அடிக்கடி நடப்பது.

முன்னுரை வரியை நூறு எழுத்தில் வெட்டச் சொல்லும் தீம்கள் இன்னொரு தொல்லை. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து பைட் கணக்கில் வெட்டுகிறவை அவை. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். வெட்டு நடுவில் விழுந்தால் வரியின் கடைசியில் கறுப்பு வைரம் ஒன்று மின்னும். குறிகளை எண்ணி வெட்டும் செயற்கூறு அதைத் தவிர்க்கும். ஆனால் 'கொ' என்பதில் கொம்பை விட்டுவிட்டுக் ககரத்தோடு நிற்கவும் கூடும். சொல் கணக்கில் வெட்டுவதே தமிழுக்குப் பொருந்தும். இவற்றை ஆங்கில மாதிரி உரையை வைத்துச் சோதித்தால் ஒருபோதும் தெரியாது. சோதனைத் தளத்தில் நீளமான தமிழ்த் தலைப்புகளும், கிரந்த எழுத்துகளும், மலாய்ப் பெயர் கலந்த வரிகளும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேஷ் பற்றிச் சுருக்கமாக: திருத்தம் செய்தும் தளத்தில் மாற்றம் தெரியாவிட்டால், மறுபடி திருத்துவதற்கு முன் உலாவி, பிளகின், ஹோஸ்டிங், இடையில் கிளவுட்ஃபிளேர் இருந்தால் அது என ஒவ்வொரு அடுக்கையும் துடைத்துப் பார்க்க வேண்டும். தெரியவில்லையே என்று இரண்டாவது, மூன்றாவது முறை கைவைத்ததால் கெட்ட கோப்புகள் ஏராளம்.

எப்போது கைவைப்பது என்பதும் தொழில்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் பழுதான ஒரு கோப்பை உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அனுப்பியது. மைக்ரோசாஃப்டின் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையாயின. கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் ஏர்ஏசியா பயணிகளைக் கையால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சிறு பகுதிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவர்களுக்கு என்ற படிமுறையை அந்த நிறுவனம் அதன் பிறகுதான் உறுதி செய்தது. அன்றும் வெள்ளிக்கிழமை. புக்கிட் காத்திலில் பத்துத் தளம் பார்ப்பவரும் இதையே சிறிய அளவில் செய்யலாம்: ஒரே தீம் ஓடும் ஐந்து தளங்களில், கூட்டம் குறைந்த ஒன்றில் முதலில் அப்டேட் செய்து இரண்டு நாள் பார்ப்பது. செங் சன்னாசிமலையில் மாசி மகம் நெருங்கும் வாரத்தில் கோயில் தளத்தையும், தீபாவளிக்கு முன் புடவைக் கடைத் தளத்தையும், அவசரப் பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறெதற்கும் தொடாமல் இருப்பது.

அப்டேட் என்று வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் முடியாது. நேபாளத்தின் ஆக்சஸ்பிரஸ் தீம்ஸ் நிறுவனத்தின் சொந்தத் தளம் 2021 செப்டம்பரில் ஊடுருவப்பட்டு, 40 தீம்களிலும் 53 பிளகின்களிலும் பின்வாசல் வைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் ஜெட்பேக் குழு அதை வெளிப்படுத்தியது. நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வேர்ட்பிரஸ் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்தவர்களுக்குக் கேடில்லை. கிட் போன்ற பதிவுமுறை இருந்த தளங்களில், தங்கள் கை படாமல் ஃபங்ஷன்ஸ் கோப்பில் புதிய வரி சேர்ந்திருப்பதை ஒப்பிட்டே கண்டுகொள்ள முடியும். திருத்தத்தைப் பதிவு செய்யும் பழக்கமே இங்கே காவலாகவும் ஆகிறது. மலேசியாவில் இது சட்டப் பொறுப்பும்கூட. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், வணிகத் தளத்திலிருந்து வாடிக்கையாளர் தரவு கசிந்து கணிசமான பாதிப்பு நேரக்கூடுமானால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். என்ன மாறியது, எப்போது மாறியது என்று சொல்ல ஒரு பதிவேடு இல்லாத தளத்துக்கு அந்த மூன்று நாள் போதாது.

இவ்விதழின் நிலைப்பாடு இது. வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் எந்தத் தளத்திலும் தீம் கோப்புத் திருத்தி திறந்திருக்கக் கூடாது. டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் 'டிஸ்அலவ் ஃபைல் எடிட்' என்ற ஒற்றை வரி அதை மூடிவிடும். திருட்டுப்போன கடவுச்சொல்லோடு உள்ளே நுழைபவருக்கும் அந்த வாசல் அடைபடும். அவசரத்தில் தனக்கே அது தடையாக இருக்கும் என்று சொல்பவர்களின் வாதம் புரிகிறது; அந்தத் தடைக்காகத்தான் அந்த வரி. 'ரெண்டு நிமிச வேலை'க்கு இருபது நிமிடக் கட்டணம் கேட்கவும் தயங்க வேண்டாம். பேக்கப், சோதனைப் படி, பதிவு, கேஷ் துடைப்பு எல்லாம் அந்த இருபது நிமிடத்தில் அடக்கம் என்று விலைப்பட்டியலில் எழுதிக் கொடுத்தால் கோயில் செயலாளரும் புரிந்துகொள்வார்.

அடுத்த இதழ் வருவதற்குள் வாசகர்கள் தங்கள் பொறுப்பில் இருக்கும் தளங்களில் மிகப் பழைய ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். அதன் மூலத் தீமின் அதே பதிப்பைப் புதிதாகத் தரவிறக்கி, தளத்தில் இருக்கும் கோப்புறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் வரிகளை ஒரு சைல்டு தீமுக்கு நகர்த்துங்கள். நிர்வாகி மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள். பேக்கப்பை ஒருமுறை மீட்டுப் பாருங்கள். பிறகு அந்த அப்டேட் பொத்தானைத் தட்டுங்கள்.